ஜூலுலாந்து அம்மோனைட்டுகள்: செய்முறைத் தேர்வுக்குப் படிப்போருக்கு

தொல்லுயிரியல் செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்துப் பகுதியில் கிடைக்கும் கிரெட்டேசியஸ் காலத்து அம்மோனைட்டுகளை (அற்றுப்போன, ஓடுள்ள கடலுயிரிகளின் புதைபடிவங்களை) வகைப்படுத்தும் பகுதியில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது; அந்த நிம்மதியோடு எழுதுகிறேன். மாதிரியைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டைப் பார்க்காதீர்கள், புறவிளிம்பைப் (சுருளின் வெளி விளிம்பை) பாருங்கள். பக்கவாட்டிலுள்ள விலாக்கள் (வரிவரியான மேடுகள்) கண்ணைக் கவரும். ஆனால் அவை ஓடு வளர வளர மாறுவதோடு, நெருங்கிய உறவில்லாத பேரினங்களிலும் ஒன்றுபோலவே தோன்றும்.

புறவிளிம்பில் மூன்று முகடுகள் ஓடினால் முதலில் பெரோனிசெராஸ் பேரினத்தை நினையுங்கள். வழவழப்பான, ஒடுங்கிய ஓட்டில் கூரிய ஒற்றை முகடு இருந்தால் ஹாவெரிசெராஸ். சுருளாத நேர் ஓடுகளிலும் இதே வழிதான்: புறவிளிம்பு உருண்டிருந்தால் பாகுலைட்டஸ், மட்டமாக இருந்தால் யூபாகுலைட்டஸ். யூபாகுலைட்டஸின் ஓர் இனத்தை இயற்கையியலாளர் ஃபோர்ப்ஸ் 1846இல் புதுச்சேரிப் பகுதி மாதிரிகளைக் கொண்டே விவரித்தார் என்பதால், தென்னிந்திய ஆய்வுநூல்களின் படத்தகடுகளையும் புரட்டிப் பாருங்கள்.

கடினமானவை டெக்சானைட்டுகள் என்னும் அம்மோனைட்டுக் குழுவினர். ஒரு விலாவிலுள்ள முடிச்சுகளை (சிறு புடைப்புகளை) எண்ண வேண்டும்: மூன்று வரிசை என்றால் புரோட்டெக்சானைட்டஸ், நான்கு என்றால் பாராடெக்சானைட்டஸ், ஐந்து என்றால் டெக்சானைட்டஸ். உட்சுழல்களில் வரிசைகள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆகவே எந்த விட்டத்தில் எண்ணினீர்கள் என்பதையும் விடைத்தாளில் எழுதுங்கள். நான் ஒவ்வொரு மாதிரியின் சுழல் குறுக்குவெட்டையும் பென்சிலால் வரைந்து, முடிச்சுகளின் இடத்தைக் குறித்துப் படித்தேன். ஒளிப்படம் எடுத்துச் சேர்ப்பதைவிட இது பன்மடங்கு மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூலுலாந்தின் படிவத்தொகுதிகளை (பாறை அடுக்குத் தொகுதிகளை), அவற்றுக்குரிய கிரெட்டேசியஸ் உட்காலங்களோடு மனப்பாடமே செய்துவிடுங்கள்.

– மகாட்டினி: பாரேமியன், ஆப்டியன்.
– ம்சினேனே: ஆல்பியன், செனோமேனியன்.
– செயின்ட் லூசியா: கோனியாசியன் முதல் மாஸ்ட்ரிக்டியன் வரை.

பின்னிரண்டுக்கும் இடையே டூரோனியன் என்னும் உட்காலம் விடுபட்டிருக்கிறது; ஜூலுலாந்து மாதிரிக்கு டூரோனியன் என்று வயது எழுதத் தோன்றினால் அடையாளத்தையே மறுபடி சரிபாருங்கள். தொல்லுயிரியலாளர்கள் கென்னடியும் கிளிங்கரும் 1975இல் வெளியிட்ட அடுக்கியல் (பாறை அடுக்குகள் பற்றிய) அறிமுகத்தைப் படித்தால் இது தெளிவாகும். பழைய நூல்கள் டெக்சானைட்டுகளை மார்ட்டோனிசெராஸ் என்றே குறிப்பிட்டிருக்கும்; அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதும் படிவத்தொகுதிதான். மார்ட்டோனிசெராஸ் ஆல்பியனுக்கு உரியது, ஆகவே அது ம்சினேனேயில்தான் கிடைக்கும்; டெக்சானைட்டுகளோ செயின்ட் லூசியாவில் கிடைப்பவை.

தையல் கோட்டை (ஓட்டின் உள்தடுப்புகள் ஓட்டுச் சுவரோடு சேரும் வளைகோட்டை) வரைவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கேள்வி அதை வெளிப்படையாகக் கேட்டால் மட்டும், எல்லாவற்றையும் முடித்தபின் வரையுங்கள்.