ஐவனின் நாணயங்கள்

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நான்கு வாரம். கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகம் திறக்கும்வரை வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே தம்பியின் கணக்கு என் தலையில் விழுந்தது.

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6, அதாவது ஆறாம் வகுப்பு. செப்டம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தேர்வு. போன தவணையின் வகுப்புத் தேர்வில் 58 வாங்கியிருக்கிறான். 45 முதல் 64 வரை அடைவுநிலை 6 என்பதால், "நடுவில்தானே அண்ணா இருக்கிறேன்" என்கிறான். மொத்தமே எட்டு நிலைகள்தான், எட்டுதான் கடைசி என்பதைச் சொல்லி அவன் மகிழ்ச்சியைக் கெடுக்கவில்லை.

அவன் போய்வந்த துணைப்பாட நிலையத்தை அம்மா மே மாதத்தோடு நிறுத்திவிட்டார். அங்கே செய்த தாள்களைப் புரட்டினேன். எல்லா விடையும் சரி. எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய கையெழுத்து.

4 ஜூன், புதன்

சாப்பாட்டு மேசையில் மூவரும். தங்கைக்கு இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியின் வழக்கநிலைத் தேர்வு. ஒரு மூலையில் அவளுடைய வரலாற்றுப் புத்தகம். நடுவில் நான், வெள்ளைத் தாளோடு.

தொடக்கநிலை 6இல் இயற்கணிதம் லேசாக எட்டிப்பார்க்கிறது, ஒரே ஓர் எழுத்தோடு. நான் இரண்டு எழுத்தோடு இறங்கினேன். தம்பி பணிவாகத் தலையாட்டினான். தேசிய சேவை முகாமில் நானும் அப்படித் தலையாட்டியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் அரை மணி நேரம் பேசினேன்.

தங்கை நிமிரவேயில்லை. "பெட்டி வரையச் சொல், அண்ணா" என்று மட்டும் சொன்னாள். கணக்கிலுள்ள அளவுகளைப் பெட்டிகளாக வரைவதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்றேன். அவன் சின்னப் பிள்ளைதானே என்றாள்.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) ஒரு பாத்திரம் நிறைய ரெண்டாங் இறைச்சிக்கறி கொடுத்தனுப்பினார். கணக்குக்கு விடுமுறை.

ஆனால் சாப்பிட்டபடியே தங்கை தம்பிக்கு 1942ஐக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜப்பானியர் மலாயா வழியே சைக்கிளில் இறங்கி வந்தது, பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தது. எல்லாம் அவள் தேர்வுக்குப் படிக்க வேண்டியவை. அவன் எலும்பைக் கடித்தபடி கேட்டான்: "சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்தார்கள்?"

அவளுக்குத் தெரியவில்லை. கை கழுவிவிட்டுத் தேடினாள். டயர் கிழிந்தால் வெறும் விளிம்பிலேயே ஓட்டினார்களாம். இருட்டில் அந்தச் சத்தம் டாங்கிகள் வருவதுபோல் கேட்டதாம். தேர்வில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த அத்தியாயம் இனி அவளுக்கு மறக்காது என்று நினைக்கிறேன். எனக்கே மறக்காது போலிருக்கிறது.

11 ஜூன், புதன்

இன்று நடந்ததைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

பழைய வினாத்தாள்களிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தேன். 2021ஆம் ஆண்டின் இதே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வந்து, பெற்றோர்கள் பெருமூச்சு விட்டுப் பேசிப் பேசிப் புகழ்பெற்ற கேள்வி. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் சில 50 காசுகளும், அறுபத்து நான்கு 20 காசுகளும். அவற்றின் மொத்த எடை 1.134 கிலோ. ஐவனிடம் சில 50 காசுகளும், நூற்று நான்கு 20 காசுகளும். யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு? ஒரு 50 காசு ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கனம் என்றால், ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

நான் வழக்கம்போல 50 காசுகள் எத்தனை என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டேன். தம்பி தலையாட்டத் தொடங்கினான்.

தங்கை எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா சில்லறை போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னும், கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசும் வந்தன. டின்னைக் கவிழ்த்து, 2013இல் வெளிவந்த புதிய வரிசை நாணயங்களை மட்டும் பொறுக்கினாள்: துறைமுகம் போட்ட 50 காசு முப்பது, விமான நிலையம் போட்ட 20 காசு முப்பது. அதில் பத்து 50 காசைத் தராசில் வைத்தாள். 66 கிராம். எடுத்துவிட்டுப் பத்து 20 காசை வைத்தாள். 39.

"எவ்வளவுடா குறைந்தது?"

"இருபத்தேழு."

"ஒரு காசுக்கு?"

அவன் வாய் மெதுவாகத் திறந்தது. "கேள்வியில் இருப்பது நிஜக் காசா அக்கா!"

பிறகு மேசையில் இரண்டு வரிசை அடுக்கினாள், இரண்டும் ஒரே மாதிரி. "இது ஹெலன். இதுவும் ஹெலன்தான். இரண்டாவதை ஐவனாக மாற்றப் போகிறோம்." ஒரு 50 காசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 20 காசை வைத்தாள். எண்ணிக்கை மாறவில்லை, பணம் 30 காசு குறைந்தது, எடை 2.7 கிராம் குறைந்தது. "இப்படி எத்தனை தடவை மாற்ற வேண்டும்?"

104இலிருந்து 64ஐக் கழித்தான். நாற்பது. அதற்குமேல் யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்பது முறை 30 காசு: ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். நாற்பது முறை 2.7 கிராம்: 108. ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோ. 50 காசுகள் எத்தனை என்பது கடைசிவரை தேவைப்படவேயில்லை. என் தாளில் பாதிப் பக்கம் அதற்காகவே வீணாகியிருந்தது.

தம்பி தூங்கிய பிறகு தங்கையிடம் கேட்டேன், எங்கே கற்றாய் என்று. சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள். 2021இல் தேர்வு எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் கேள்வியை ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டு வந்தாளாம். அன்று மாலை வீட்டில் எல்லாரும் எப்படியிருந்தது என்று கேட்டபோது "பரவாயில்லை" என்றாளாம். மறுநாள் டின்னைக் கவிழ்த்து, யாருக்கும் தெரியாமல், காசுகளை அடுக்கி அடுக்கிப் பார்த்திருக்கிறாள். மூன்று நாள் ஆயிற்றாம்.

நான் அப்போது பதினேழு வயது, தொடக்கக்கல்லூரி மாணவன், பக்கத்து அறையில் இருந்தேன். அதே தேர்வில் என் காலத்து மூவிலக்க மதிப்பெண்ணைச் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிக்காட்டும் வீடு இது. அவள் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

15 ஜூன், ஞாயிறு

கணக்கு ஆசிரியர் மாறிவிட்டார். நான் வினாத்தாள் அச்சடிப்பவன், மைலோ கலக்குபவன். தங்கை தன் வரலாற்றை அவனுக்குச் சொல்கிறாள். அவன் தன் கணக்கை அவளுக்குச் சொல்லிக்காட்டுகிறான். தப்பாகச் சொன்னால் அவள் திருத்துவதில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்கிறாள். அவனே இரண்டு வரி பின்னால் போகிறான். நானாக இருந்தால் இதற்குள் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன்.

20 ஜூன், வெள்ளி

ஆகஸ்டில் தமிழ் வாய்மொழித் தேர்வு. தம்பி பாட்டிக்குத் தமிழ் முரசு நாளிதழை வாசித்துக் காட்டுகிறான். மழை, மலை, மளிகை மூன்றும் அவன் வாயில் ஒரே சத்தம். பாட்டி ஒவ்வொரு ழகரத்துக்கும் தாளை மடக்கச் சொல்கிறார். இன்று ஒரு பத்தி வாசிக்க இருபது நிமிடம்.

28 ஜூன், சனி

திங்களன்று பள்ளி. பை, சீருடை, காலணி எல்லாம் சரிபார்த்தாயிற்று. நேற்றுச் செய்த தாளில் 40க்கு 31. எண்ணைவிட அதிலிருந்த கையெழுத்துதான் எனக்குப் பிடித்தது: கோணல்மாணலான பெட்டிகள், அடித்துத் திருத்தியவை, எல்லாம் அவனுடையவை.

மாலையில் ஒரு விஷயம். அந்த அறுபது நாணயங்களும் இன்னும் பையிலேயே இருந்தன. அம்மா எண்ணிப் பார்த்தார், அறுபது. சரியாக இருக்கிறது என்று டின்னில் கொட்டப் போனார். தங்கை, "இருங்கள் அம்மா" என்று பையை வாங்கித் தராசில் வைத்தாள். முதல் நாளே மொத்த எடையைப் பையின் மேல் எழுதிவைத்திருக்கிறாள்: 312 கிராம். தராசு 285 காட்டியது.

தம்பி சோபாவிலிருந்து எழுந்து குளியலறைப் பக்கம் நடந்தான்.

"பத்துக் காசு மாறியிருக்கிறது" என்றாள் தங்கை, அவன் முதுகைப் பார்த்து. "மூன்று வெள்ளி. ஐஸ் கச்சாங் எப்படியிருந்தது, ஐவன்?"

"யார் அந்த ஐவன்?" என்று அம்மா கேட்டார்.