விசிறி ஓயாத மடிக்கணினியும் ஜிபிஇ13-உம்

டெபியன் லினக்ஸ் நிறுவிய என் மடிக்கணினியில், உலாவியைக்கூடத் திறக்காத வேளையிலும் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. விசைப்பலகையின் இடது ஓரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ஓடும் நிரல்களைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து பார்த்தால், செயலியின் நான்கு கோர்களில் ஒன்றின் பட்டை முழுவதும் நிரம்பியிருந்தது. ஆனால் கீழே உள்ள பட்டியலில் அதற்குக் காரணமான ப்ராசஸ் (ஓடும் நிரல்) எதுவும் தென்படவில்லை. ஹெச்டாப் இயல்புநிலையில், இயங்குதளத்தின் கருவான கெர்னல் தனக்காக ஓட்டும் த்ரெட்டுகளை மறைத்தே வைக்கிறது என்பதும், ஷிஃப்ட்டுடன் கே விசையை அழுத்தினால் அவை வெளிப்படும் என்பதும் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அழுத்தியதும் முதல் வரியில் கேவொர்க்கர் வந்து நின்றது. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்து, நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கட்டளையைக் கொடுத்தும் அது அசையவில்லை. கேவொர்க்கர் நாம் தொடங்கிய நிரல் அல்ல. கெர்னலின் பல பகுதிகள் பிறகு செய்துகொள்ளலாம் என ஒதுக்கும் வேலைகளைச் செய்து முடிக்கும் பொது வேலையாள். ஆகவே அதன் தலையில் இவ்வளவு வேலையைக் கொட்டுவது யார் என்றுதான் தேட வேண்டும். செயலியின் நேரத்தை எது தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப்பை ஓடவிட்டபோது, ஏசிபிஐ (மின் மேலாண்மைக்காக வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) என்று தொடங்கும் ஃபங்ஷன்களே மேல் வரிகளில் நின்றன.

சிஸ் அடைவினுள் ஃபர்ம்வேர், அதனுள் ஏசிபிஐ, அதனுள் இன்டரப்ட்ஸ் என்று இறங்கினால், ஒவ்வொரு குறுக்கீடும் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். மடிக்கணினியின் மூடி, மின்கலம், சார்ஜர் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை வன்பொருள் இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் வழிகள் இந்தக் குறுக்கீடுகள். சும்மா இருக்கும் கணினியில் இந்த எண்கள் மெதுவாகத்தான் ஏற வேண்டும். ஐந்து விநாடி இடைவெளியில் இருமுறை பார்த்தேன்: ஜிபிஇ13 என்ற குறுக்கீட்டின் எண் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது.

அந்தக் கோப்பில் டிசேபிள் என்று எழுதியதும் கேவொர்க்கர் பட்டியலின் அடிக்குப் போனது. ஒரு நிமிடத்துக்குள் விசிறி அடங்கியது. ஆனால் அதே வழியில் வேறு பயனுள்ள செய்திகளும் வரக்கூடும் என்பதால், மூடியை மூடித் திறந்தும், சார்ஜரைப் பிடுங்கிச் செருகியும், கணினியை உறங்கவைத்து எழுப்பியும் சோதித்த பிறகே இதை நிரந்தரமாக்கத் துணிந்தேன்.

கோப்பில் எழுதியது கணினியை மறுபடி துவக்கும்போது மறைந்துவிடும். எனவே கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில், கெர்னலுக்கான வரியில், அந்தக் குறுக்கீட்டை அடைக்கும் ஏசிபிஐ மாஸ்க் ஜிபிஇ என்ற அளவுருவைச் சேர்த்தேன். இங்கே ஒரு நுணுக்கம்: கோப்புப் பெயரில் உள்ள 13 பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) எண். முன்னால் சுழியும் எக்ஸும் இடாமல் வெறும் 13 என்று கொடுத்தால், கெர்னல் அதைப் பதின்மமாகக் கொண்டு வேறொரு குறுக்கீட்டை அடைத்துவிடும்.

உண்மையான கோளாறு ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளிலேயே பதிந்துள்ள மென்பொருளில், இருக்கிறது என்றே கருதுகிறேன். சென்ற மாதம் அதற்கொரு புதுப்பிப்பு வந்ததும் அந்த அளவுருவை நீக்கிப் பார்த்தேன். எண்ணிக்கை மறுபடியும் ஓடத் தொடங்கியதால், அதை அப்படியே திரும்பச் சேர்த்துவிட்டேன்.