கரி எரியக் குறையும் ஆக்சிஜன்

கோவையிலும் திருப்பூரிலும் காற்று மாசைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பெட்ரோலையும் நிலக்கரியையும் இப்படியே எரித்துக்கொண்டிருந்தால் மூச்சுவிட ஆக்சிஜனே மிஞ்சாது என்று யாரேனும் ஒருவர் அஞ்சுகிறார். ஆக்சிஜன் குறைந்துவருவது மெய். தீர்ந்துபோகும் என்பது மெய்யன்று.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு இரண்டரைக் கிலோவுக்கும் சற்று மேலான ஆக்சிஜன் தேவை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரியும் ஒவ்வொரு கிலோ கார்பனும் ஏறத்தாழ 2.67 கிலோ ஆக்சிஜனைப் பிணைத்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலகம் முழுவதும் இவ்வாறு எரிப்பதால், பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 ஆக்சிஜன் மூலக்கூறுகள் குறைகின்றன. ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் ஆக்சிஜன் மட்டும் ஏறக்குறைய 2,09,500. அறியப்பட்ட எரிபொருள் முழுவதையும் எரித்தாலும் ஆக்சிஜன் இருப்பில் 3 விழுக்காடுகூடக் குறையாது என்று அமெரிக்கப் புவிவேதியியலாளர் வாலஸ் புரோக்கர் 1970லேயே கணக்கிட்டுக் காட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலையேறுகிறவருக்கு, காற்றழுத்தம் தாழ்வதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அங்கேயும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

அப்படியானால் இந்தச் சிறு குறைவை ஏன் பொருட்படுத்த வேண்டும்? காற்றில் கூடும் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டிக்கொடுப்பதால்தான். இரண்டு லட்சத்தில் நான்கு என்னும் மாற்றத்தைப் பிடிப்பது மிகக் கடினம். அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளந்தார். அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் 1980களின் இறுதியில் ஆக்சிஜனை அத்தனை நுட்பமாக அளக்கும் வழியைக் கண்டார். காற்றில் கூடும் கரியமில வாயு எரிமலைகளிலிருந்து வருவதாக இருந்தால், அதற்கு ஈடாக ஆக்சிஜன் இப்படிக் குறைய வேண்டியதில்லை. குறைகிறது என்பதே, எங்கோ எரிப்பு நடக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. என் மதிப்பில், பருவநிலை அறிவியலில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இன்னொன்றையும் இந்த அளவீடு காட்டிக்கொடுக்கிறது. கடல் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும்போது ஆக்சிஜனைத் திருப்பித் தருவதில்லை. மரஞ்செடிகளோ உள்ளிழுத்ததற்கு ஈடாக ஆக்சிஜனை வெளியிடுகின்றன. ஆகவே இரு வாயுக்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நாம் வெளியிட்டதில் கடல் எவ்வளவு, காடும் நிலமும் எவ்வளவு ஏற்றன என்று பிரித்தறியலாம். (சாயப்பட்டறைக் கொதிகலனில் எரியும் விறகு, அந்த மரம் தன் வாழ்நாளில் வெளிவிட்ட ஆக்சிஜனையே செலவழிக்கிறது, நிலக்கரியின் கடனோ பல கோடி ஆண்டுப் பழையது.)

ஆக்சிஜனுக்காக உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் கடல்தான். வெப்பமேறும் நீரில் வாயு குறைவாகவே கரையும். மேல்நீரும் அடிநீரும் கலப்பதும் தளர்கிறது. 1960க்குப் பின் அரை நூற்றாண்டில் உலகக் கடல்கள் தம் ஆக்சிஜனில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை இழந்துள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குத் தென்மேற்குக் காற்றை அனுப்பும் அரபிக் கடலின் நடு ஆழத்தில், உலகின் மிகப் பெரிய ஆக்சிஜன் வறண்ட நீரடுக்குகளுள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அத்தகைய அடுக்கு விரியும்போது, மூச்சுக்காக மேலே ஒதுங்கும் மீன்கள் குறுகிய நீர்ப்பரப்பில் நெருங்கி, வலைக்கு எளிதில் அகப்படுகின்றன.