கூச்சமுள்ள தேன் கௌராமிக்கு ஏற்ற கூட்டாளிகள்

தேன் கௌராமி வளர்க்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அதனுடன் எந்த மீனைச் சேர்க்கலாம் என்பதுதான். வங்காளம், அசாம் பகுதிகளின் செடியடர்ந்த நீர்நிலைகளைச் சேர்ந்த இந்த மீன் சுமார் 5 சென்டிமீட்டரே வளரும். முரட்டு மீன்கள் அருகில் இருந்தால் இரை போட்டாலும் செடியை விட்டு வெளியே வராது. வயிற்றுக்குக் கீழே நூல்போல் நீளும் இரு துடுப்புகளால் எதிர்ப்படுவதையெல்லாம் தொட்டுத் தடவி அறியும் அழகை மணிக்கணக்கில் பார்க்கலாம். டைகர் பார்ப் அந்த நூல்களைக் கடித்துவிடும் என்பதால், கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அதை வாங்காதீர்கள். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும் மீன் இது. ஆகவே நீர்மட்டத்தில் விரைந்து திரியும் ஜீப்ரா டேனியோவும் வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது ஹார்லெக்வின் ராஸ்போராவை. எட்டுப் பத்தாகக் கூட்டமாய் விட்டால் நடுநீரில் அமைதியாக உலவும். அவை அச்சமின்றித் திரிவதைக் கண்டு கௌராமியும் மெல்ல வெளியே வரும். அடித்தளத்திற்குப் பலரும் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீனைச் சொல்வார்கள். ஏற்காட்டுக் குளிருக்கு அது சரி. சேலத்தின் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுவதால், அம்மாபேட்டையிலுள்ள எங்கள் வீட்டுத் தொட்டியில் கூலி லோச் மீன்களையே வைத்திருக்கிறேன். பகலெல்லாம் மணலில் புதைந்திருந்து விளக்கணைத்த பின் இரை தேடும் அவை கௌராமியின் வழிக்கே போவதில்லை.

சிறு தொட்டியில் இரண்டு ஆண் கௌராமிகளை விடக் கூடாது. கௌராமியை முதலில் குடியேற்றி, அது தயக்கமின்றி இரையெடுக்கத் தொடங்கிய பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.