98 வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்

அம்மாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் அடைத்து நுரையீரல் கெட்டுப்போகிற நாள்பட்ட நோய். சிகரெட், பீடி எதையும் தொட்டதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நாற்பது வருஷம் ஊதாங்குழலும் கையுமாக விறகு அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தவள். கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்த பிறகும் சோறு வடிக்க, வெந்நீர் வைக்க விறகுதான். கேஸ், விருந்தாள் வந்தால் காபி போட மட்டும். மதுரையில் குழாயில் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்த டாக்டர் முதலில் கேட்டதே, "எந்த அடுப்புலம்மா சமைச்சீங்க?" என்பதைத்தான்.

போன ஆவணியில் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வாங்கினோம். அறைக்காற்றை இழுத்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கான்சன்ட்ரேட்டர். சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது இதுதான்: நிமிஷத்துக்கு 1 லிட்டர், நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88-லிருந்து 92 சதவீதத்துக்குள். நானும் படித்தேன். ஆனால் என் மண்டையில் வேறு ஒரு எண் ஏற்கெனவே குடியேறியிருந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிற ஆக்ஸிமீட்டரைக் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தன். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அப்போது ஊரே மனப்பாடம் செய்திருந்தது. அம்மாவுக்கு 90 காட்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மார்கழி ராத்திரி, மணி பதினொன்று. அம்மாவுக்குச் சளி பிடித்து மூன்று நாள். மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்தது. விரலில் மாட்டினேன். 83. உடனே மெஷின் திருகைத் திருப்பினேன். குழாய்க்குள் இருக்கும் சின்னக் குண்டு 1-லிருந்து 2, 3, 4 என்று ஏறியது. அரை மணி நேரத்தில் 98. சாமி கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்த 83-கூட சரியான எண் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, துடிக்கிற ரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்துத்தான் அந்தக் கருவி கணக்குப் போடுகிறது. குளிரில் விறைத்த விரலில் ரத்த ஓட்டமே குறைவு. அது பாவம், எதை வைத்துக் கணக்குப் போடும்?

காலையில் பால்காரர் மணியடித்தால் முதல் ஆளாக எழுகிறவள் அம்மா. அன்றைக்கு எழவில்லை. உலுக்கினால் கண்ணைத் திறந்து, "சின்னக்கா வந்துட்டாளா?" என்றாள். சின்னக்கா இறந்து பன்னிரண்டு வருஷம். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். விரலில் பார்த்தால் 97. "அதான் 97 இருக்குல்ல, அசந்து தூங்குறாங்க, விடுங்க" என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. உட்கார வைத்துக் கையில் காபி டம்ளரைக் கொடுத்தோம். மணிக்கட்டு பறவை இறக்கையை அடிப்பதுபோல் வெட்டி வெட்டி ஆடியது. டம்ளர் மடியிலேயே கவிழ்ந்தது. சூடு பட்டதற்கு ஒரு "ஸ்" கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அப்புறம்தான் 108-க்குப் போன் போட்டேன்.

வந்த தம்பி அம்மாவைப் பார்த்தார், ஆக்ஸிமீட்டரைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். "அண்ணே, 4 லிட்டர் யாரு வைக்கச் சொன்னது?" என்னிடம் பதில் இல்லை. சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, விரல் எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். 91-ல் நிறுத்தினார். வண்டி செக்கானூரணி தாண்டும்வரை நான் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டு வந்தேன். அவர் அம்மாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கிற டெஸ்ட், ஏபிஜி என்கிறார்கள். நரம்பில் எடுப்பதைவிட வலி கூடுதலாம். அப்போதுதான் முதல்முறையாக அம்மா முகத்தைச் சுளித்தாள், எனக்கு அது ஒரு சந்தோஷம். கரியமில வாயு 35-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 82. ரத்தம் புளித்துப்போயிருந்தது. புளிப்பு ஏற ஏற இறங்குகிற பிஎச் 7.22 என்றார்கள், 7.35-க்குக் கீழே போகக் கூடாதாம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "ஆக்ஸிஜன் உள்ள போச்சான்னுதான் உங்க விரல் மெஷின் சொல்லும். கெட்ட காத்து வெளிய போச்சான்னு அதுக்குத் தெரியாது" என்றார். பல வருஷம் கெட்ட நுரையீரல், வேலை செய்யாத மூலைகளுக்கு ரத்தத்தை அனுப்பாமல் சிக்கனமாக ஓட்டிக்கொண்டிருக்குமாம். ஆக்ஸிஜனை அள்ளிக் கொட்டினால் அந்தச் சிக்கனம் கெட்டு, ரத்தம் அங்கேயும் போய், கரியமில வாயுவை இறக்காமல் அப்படியே திரும்பி வரும். அது ஏற ஏறத் தூக்கம், குழப்பம், கடைசியில் மயக்கம். எல்லா சிஓபிடிக்காரர்களுக்கும் இப்படி ஆகாது, ஆகக்கூடிய ஆட்களுக்குத்தான் 88-லிருந்து 92 என்று கோடு போடுகிறோம் என்றார். "அதுக்காகப் பயந்துக்கிட்டு ஆக்ஸிஜனைப் பிடுங்கியும் விட்டுறாதீங்க. அது இதைவிட ஆபத்து."

பைபாப் மாட்டினார்கள். மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், தலையைச் சுற்றி வார், மூச்சுக்கு மூச்சு காற்றைத் தள்ளும். அம்மா அதைப் பிய்த்தெறியப் பார்த்தாள். ராத்திரி முழுக்க அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றிய இடைவெளியில், மூக்கு மேல் சிவந்த தழும்போடு, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றாள். சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெளியே போய்விட்டு வந்தேன்.

அதற்கு முன்னால் இரண்டு வாரமாகவே அம்மா காலையில் எழுந்ததும் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தைலம் தேய்த்துவிட்டோம். சீரியல் முன்னால் தூங்கி வழிந்தாள், வயசாச்சு என்றோம். கரியமில வாயு தேங்குவதற்கு இவையே அறிகுறி என்று டாக்டர் சொன்னபோது, தைலப் புட்டி இருந்த அலமாரி அப்படியே கண் முன்னால் வந்தது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு 90-க்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். "கொடைக்கானல் ஏரியைச் சுத்தி நடந்தா சமதரை. அந்த மாதிரிதான் 100-லிருந்து 90 வரைக்கும். அதுக்குக் கீழ காட் ரோடு, சறுக்குனா சறுக்குனதுதான்" என்றார். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கு 95-க்கு மேல் இருப்பதுதான் இயல்பு. அவர்களுக்கு உட்கார்ந்த நிலையிலேயே 92-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அம்மாவுக்கு மட்டும் கணக்கு வேறு.

இப்போது அளக்கும் விதமே மாறிவிட்டது. முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்குகிறோம். மாட்டியதும் வருகிற எண்ணை நம்புவதில்லை, ஒரு நிமிஷம் ஆடாமல் வைத்து நிலைத்து நிற்பதைத்தான் எழுதுகிறோம். பேத்தி ஒருநாள் ஆசையாகப் போட்டுவிட்ட நகப்பூச்சை அழித்துவிட்டுத்தான் அளந்தோம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணுகிறோம். பெரியவர்களுக்கு 12-லிருந்து 20. அம்மாவுக்கு எப்போதும் 20-ஐ ஒட்டியே இருக்கும், 30 ஆனால் வண்டி. ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நின்று மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, ஆக்ஸிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108. சீட்டில் உள்ள 1 லிட்டரிலும் 88 நிற்காவிட்டாலும் அப்படித்தான், நாங்களாகத் திருகைத் தொடுவதில்லை. கரண்ட் போனால் மெஷின் நிற்கும், அதற்கு ஒரு சின்ன சிலிண்டர் மூலையில் இருக்கிறது.

திருகின் மேல் மனைவி பிளாஸ்திரி ஒட்டி, "1. தொடாதே" என்று எழுதியிருக்கிறாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மா இப்போது ஆக்ஸிமீட்டரைச் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு வைத்திருக்கிறாள். பார்க்க வருகிற பெண்களுக்கெல்லாம் மாட்டிப் பார்க்கிறாள். நேற்று எதிர்வீட்டு அத்தைக்கு 98 காட்டியிருக்கிறது. "எனக்கு 90 போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்கு எதுக்குடி இம்புட்டு?" என்று திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.