முதல் வரியில் எந்தத் தேதி?

பதிப்பகத்தில் என் வேலை பெரும்பாலும் நூலின் கடைசிப் பக்கங்களோடுதான்: பெயரடைவு, வரைபடக் குறிப்பு, காலவரிசைப் பட்டியல். ஆசிரியர் முந்நூறு பக்கத்தில் பக்குவமாகச் சொன்னதைப் பட்டியல் இரண்டே பக்கத்தில் போட்டு உடைத்துவிடும். உஸ்மானியப் பேரரசு பற்றிய ஒரு நூலுக்கு, 1890களில் அங்கிருந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினரான ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டதைப் பட்டியலிட்டபோதுதான் இது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்று தெரிந்தது.

முதல் சிக்கல் நாட்காட்டி. கையெழுத்துப்படியில் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) உஸ்மானிய வங்கி 1896 ஆகஸ்ட் 14ஆம் தேதி ஒரு தடவையும், 26ஆம் தேதி இன்னொரு தடவையும் கைப்பற்றப்பட்டிருந்தது. நடந்தது ஒரே ஒரு முறைதான். அரசு அலுவலகங்களில் வழங்கிய ருமி நாட்காட்டி அந்த நூற்றாண்டில் நம்முடையதைவிட 12 நாள் பின்தங்கியது. கூட்டிப் பார்த்து ஒரு வரியை அடித்தேன்.

அடுத்த சிக்கல் கூட்டலில் தீரவில்லை. பட்டியலை எங்கே தொடங்குவது? ஆசிரியரின் வரைவு அந்த வங்கியிலிருந்தே தொடங்கியது. தாஷ்னாக் என்ற ஆர்மீனியப் புரட்சிக் கட்சியின் இளைஞர்கள் துப்பாக்கி, வெடிகுண்டுகளோடு உள்ளே புகுந்தார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலாளிகளின் பணம் இருக்கிற இடத்தைப் பிடித்தால் ஐரோப்பா திரும்பிப் பார்க்கும் என்பது அவர்கள் கணக்கு. ரஷ்யத் தூதரக அதிகாரி ஒருவர் பேசி முடிக்க, மிஞ்சியவர்கள் கப்பலேறி மார்செய்க்குப் போய்விட்டார்கள். அதற்குள் தெருவில் தடிகளோடு இறங்கிய கும்பல்கள் ஆர்மீனியர்களைத் தேடித் தேடி அடித்துக் கொன்றுகொண்டிருந்தன. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலர் கிழக்கு மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த சுமைதூக்கிகள். குண்டு எடுத்துப்போனவர்களில் பலர் பிழைத்தார்கள், மூட்டை தூக்கியவர்கள் செத்தார்கள்.

வங்கியில் தொடங்கினால் கதை சுலபம்: கலகக்காரர்கள் தூண்டினார்கள், அடி விழுந்தது. இதற்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் லாங்கர் 1935இல் கிட்டத்தட்ட இந்த வாதத்தைத்தான் வைத்தார். ராபர்ட் மெல்சன் போன்றவர்கள் பிற்பாடு அதைக் கடுமையாக மறுத்தார்கள்.

"சார், இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சாசூன் கொலைகள் இருக்கே?" என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"அதைப் போட்டா 1878க்குப் போகணும்பா. அப்புறம் எங்க நிறுத்துவ?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1878 பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவில், ஆர்மீனியர் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்வதாகவும் குர்துகள், காகசஸ் பகுதியிலிருந்து குடியேறிய சர்க்காசியர்கள் ஆகியோரிடமிருந்து அவர்களைக் காப்பதாகவும் சுல்தான் அரசு ஒப்புக்கொண்டது. மேற்பார்வை வல்லரசுகளுடையது. சொன்னது சொன்னபடியே கிடந்தது. ஆர்மீனியப் புரட்சிக் கட்சிகள் தோன்றின: 1887இல் ஜெனீவாவில் ஹன்சாக் கட்சி, 1890இல் திஃப்லிஸில் தாஷ்னாக் கட்சி. 1891இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது குர்து இனக்குழுக்களைக் கொண்டு ஹமீதியே குதிரைப்படையை அமைத்தார். சாசூன் மலைக் கிராமத்தார் குர்துத் தலைவர்களுக்கும் கப்பம், அரசுக்கும் வரி என்று இரண்டு பக்கமும் அழவேண்டியிருந்தது. 1894இல் எதிர்த்தார்கள், ராணுவம் வந்தது. கலகத்தை அடக்கினோம் என்றது அரசு. அடுத்த ஆண்டு மூஷ் நகரில் நடந்த விசாரணையில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யப் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள்.

புரட்சிக் கட்சிகள் ஐரோப்பியத் தலையீட்டை எதிர்பார்த்தே துணிந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதையும் பட்டியலில் போட்டேன். ஆனால் கொலைகளில் பெரும்பகுதி வங்கிக்கு முன்பே, 1895 இலையுதிர் காலத்தில், திராப்சோன், எர்சுரும், தியார்பக்கிர், ஹார்புட் என்று ஊர் ஊராக நடந்து முடிந்திருந்தது. டிசம்பரில் உர்ஃபா தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்த சுமார் 3,000 பேர் உள்ளேயே எரிக்கப்பட்டார்கள். அவர்கள் எந்த வங்கியைப் பிடித்தார்கள்? வல்லரசுகள் சீர்திருத்தத் திட்டத்துக்காக நெருக்கி, சுல்தான் அதற்குத் தலையசைத்ததும் அதே இலையுதிர் காலத்தில்தான். எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகப் பட்டது.

மொத்தப் பலி 80,000 முதல் 3,00,000 வரை சொல்லப்படுகிறது. "நடுவுல ஒண்ணைப் போட்டுடலாமே" என்றார் ஆசிரியர். இதென்ன காய்கறி பேரமா? இரண்டு எண்களையும் போட்டோம்.

கடைசியில் பட்டியல் 1878இல் தொடங்கியது. அடுத்த பாகத்தில் 1915இன் ஆர்மீனிய இனப்படுகொலை வருகிறது. ஆசிரியர் ஏப்ரல் மாத வான் நகர எழுச்சியிலிருந்து தொடங்கலாம் என்கிறார். ராணுவத்தில் இருந்த ஆர்மீனியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க பிப்ரவரியிலேயே வந்த உத்தரவிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை.