உப்புவெளியில் ஆறு சனிக்கிழமை: எஸ்பிரெசோ பழகிய கதை

மே மாதக் கடைசியில் தொடங்கினேன். திருகோணமலைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கும் காலம் அது. கடல் அடங்கிக் கிடக்கும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் மாரியில் பூட்டிக் கிடந்த கடைகள் திறக்கும், அமுக்கத்தில் கட்டிக் கோப்பி இறக்கும் எஸ்பிரெசோ மெஷின்களும் சூடாகும். பத்து வருடமாக அந்த வீதியால் போய்வருகிறேன். வெளியூர்க்காரருக்கான இடம் என்ற நினைப்பில் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நம்மூர்க் கடற்கரையில் நாமே இருந்து கோப்பி குடிக்காவிட்டால் எப்படி என்று இந்த முறை தோன்றியது. சனிக்கிழமைக்கு ஒரு கடை என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு கிழமையும் பால் நுரை போட்ட கப்புச்சீனோதான் கேட்டேன். இரண்டு கடை, இரண்டு கோப்பை, இரண்டிலும் ஒரே ருசி. சீனி வேறு போட்டிருந்தேன். குறிப்புக் கொப்பியில் எழுத ஒன்றுமே இருக்கவில்லை.

மூன்றாவது கிழமை போன கடையில் மெஷினில் நின்ற தம்பிதான் வழி காட்டினார். “அண்ணா, முதல்ல வெறும் எஸ்பிரெசோ ஒண்டு குடிச்சுப் பாருங்கோ. பால் எல்லாத்தையும் மறைச்சுப் போடும்” என்றார். சரி, போடுங்கோ தம்பி என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

18 கிராம் தூளைத் தராசில் நிறுத்தார். பிடி வைத்த வடியில் போட்டு, மட்டமாக அழுத்தி, மெஷினில் பூட்டினார். கிண்ணத்துக்குக் கீழேயும் ஒரு தராசு, பக்கத்தில் போனில் நேரம் ஓடுகிறது. 36 கிராம் விழ வேண்டும், அதற்கு 25 முதல் 30 செக்கன் எடுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முதல் தரம் 17 செக்கனிலேயே வெளிறிய நிறத்தில் ஓடி முடிந்தது. அதை எனக்கு வாயில் வைத்துப் பார்க்கத் தந்தார். பச்சைப் புளியங்காய் மாதிரிப் பல் கூசியது. மிச்சத்தை ஊற்றிவிட்டு, தூள் இன்னும் பொடியாக விழும்படி அரைக்கும் மெஷினை ஒரு சொட்டு இறுக்கி, திரும்பவும் போட்டார். இந்த முறை கித்துள் பாணி போலக் கனத்து, நூலாக இறங்கியது. 28 செக்கன். மேலே செம்பழுப்பில் நுரை. முதலில் தோடம்பழத் தோலின் வாசம், பிறகு கசப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் பனங்கட்டி இனிப்பு. சீனி ஒரு மணிகூட இல்லாமல்!

காலையில் சரியாக வைத்த அரைவை பின்னேரம் ஏன் பிழைத்தது என்று கேட்டேன். “கச்சான் அடிக்கேக்க காத்து காய்ஞ்சு கிடக்கும். பின்னேரம் கடல்காத்து வந்தா ஈரம். தூள் உடனே காட்டிக்குடுத்துடும்” என்றார். கச்சான் காற்றை உடுப்புக் காய்வதற்கும் கடலுக்குப் போவதற்கும்தான் நாம் பார்ப்போம். ஒரு சின்னக் கிண்ணத்தில் அது தெரிவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கொட்டை மலைநாட்டிலிருந்து வருவதாம். 1869இல் இலைத்துரு நோய் வந்து அடியோடு சரிவதற்கு முன், இந்தத் தீவின் பெரிய பயிர் கோப்பிதான். தமிழகத்திலிருந்து மலையகத்துக்கு நம் சனங்களை முதலில் கொண்டுவந்ததும் கோப்பித் தோட்டத்துக்கே, தேயிலைக்கு அல்ல. அந்த மலைக் கொட்டையை இந்தக் கடற்கரையில் நின்று குடிப்பது எனக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை.

அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் எஸ்பிரெசோ, பிறகு பால் சேர்த்த ஒன்று. பால் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கியாட்டோவில் கரண்டியளவு நுரைதான், எனக்கு மிகவும் பிடித்தது. பிளாட் வைட் பாலும் கோப்பியும் சண்டை பிடிக்காத அளவு. லாட்டே எனக்குப் பால் அதிகம். வெயில் நேரத்தில் ஐஸ்கிறீமின் மேல் சூடான எஸ்பிரெசோ ஊற்றித் தரும் அபகாட்டோவை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு கடையில் மட்டும் பாலைக் கொதிக்கவிட்டே தந்தார்கள். 65 பாகையைத் தாண்டிச் சூடாக்கிக்கொண்டே போனால் பாலின் இனிப்புப் போய்க் காய்ச்சிய மணம் ஏறிவிடும். அந்த விலைக்கு அது பெரிய மனவருத்தம்.

எஸ்பிரெசோவில் சுடுதண்ணி சேர்த்த அமெரிக்கானோ ஒன்றை வாங்கிக்கொண்டு திருகோணமலை நகரத்துப் பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் போயிருந்தேன். அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கடதாசிக் கோப்பையையும் மூடியையும் விட்டுவிட்டு வராதீர்கள், அங்கே திரியும் மான்கள் தின்றுவிடும்.

வீட்டில் மெஷின் இல்லை, மோக்கா பொட் ஒன்று வாங்கினேன். 1933இல் இத்தாலியில் வந்த அடுப்புக் கோப்பிச் சாதனம். எஸ்பிரெசோவுக்கு 9 பார் அமுக்கம் வேண்டும், இதில் ஒன்று, ஒன்றரைதான் வரும். ஆகவே இது எஸ்பிரெசோ ஆகாது, ஆனாலும் நல்ல கட்டிக் கோப்பி. மூன்று தரம் கருகல் மணம். நான்காவது தரம் கீழ்ப்பாத்திரத்தில் சுடுதண்ணியே விட்டு, தூளை அழுத்தாமல், நெருப்பைக் குறைத்து வைத்து, களகளவென்று சத்தம் வந்த உடனே இறக்கினேன். வந்துவிட்டது.

அதை அம்மம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “தூள் எப்ப அரைச்சது?” என்று கேட்டா. கடையில் வாங்கிய பைக்கற், திறந்து இரண்டு கிழமை. “அதுதான் மணம் செத்துப்போச்சு” என்றா. அவ கோப்பிக்கொட்டையைத் தாச்சியில் வறுத்து, மல்லி கொஞ்சம் சேர்த்து, ஒரு கிழமைக்கு மட்டும் காணும் அளவுதான் உரலில் இடிப்பா. நான் ஆறு கிழமை அலைந்து எழுதிய குறிப்பில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

நேற்று அவவிடம் கேட்டு, மல்லி போடாமல் 100 கிராம் கொட்டை வறுப்பித்து வைத்திருக்கிறேன். மேலே எண்ணெய் கசியும் முன்னே இறக்கச் சொன்னேன், இறக்கினா. உப்புவெளித் தம்பியின் மெஷினில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். “கொண்டு வாங்கோ அண்ணா. ஆனா காலமை வெள்ளென வாங்கோ, காத்து மாற முதல்” என்றார்.